எர்த் இல்லாத மைக்

உதடு மைக்கில் பட்டால் சுரீரென்று ஒரு குத்து. பல்லுக்குள் ஒரு கசப்பு ஓடும், பிடரி மயிர் எழுந்து நிற்கும். எங்கள் ஜெபக்கூடத்தில் புது சவுண்ட் செட் வாங்கிய அந்த வருஷம், அந்தக் குத்தை வாங்கியவர்கள் எல்லோரும் அதற்கு ஒரே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பெலன். பரிசுத்த ஆவியின் பெலன் இறங்கிவிட்டது என்பார்கள், கண் கலங்குவார்கள். அது என்னவென்று அந்தக் கூடத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வயரிங் வேலை செய்கிறவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காரணத்தை இதுவரை யாருக்கும் எழுதிக் காட்டியதில்லை. அக்கா போய் இரண்டு வருஷமாகிறது. இனி எழுதலாம் என்று தோன்றுகிறது.

அப்பா மைன்ஸ் வேலைக்காகத் தெற்கேயிருந்து நெய்வேலிக்கு வந்தவர். ரிடையர் ஆனதும் அம்மாவை அழைத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். நான் அக்காவின் குவார்ட்டர்ஸில், பின்பக்க அறையில் ஒண்டிக்கொண்டேன். அத்தானுக்கு ஷிப்டு வேலை. வீட்டில் இருந்தால் தூங்குவார், தூங்கவில்லையென்றால் வீட்டில் இல்லை என்று அர்த்தம். அக்கா பிளாக் முழுவதற்கும் ஜாக்கெட் தைப்பாள். நான் கான்ட்ராக்டில் எலக்ட்ரிகல் வேலை பார்த்தேன். பெண் பார்ப்பது, தனி வீடு எடுப்பது எல்லாமே பர்மனென்ட் ஆன பிறகுதான் என்று தள்ளிப் போட்டிருந்தேன். அந்த வருஷ லிஸ்ட்டில் என் பெயர் கட்டாயம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதற்கு முந்தைய டிசம்பரில், மேல்பட்டாம்பாக்கத்தில் ஓர் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் நானும் அக்காவும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். எட்டு மணிக்கு நான் வேலையில் இருக்க வேண்டும். முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் பனி. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு என்று தெரியும்; கண்ணுக்கு ஒரு மரம்கூடத் தட்டுப்படவில்லை. ஹெட்லைட் வெளிச்சம் இரண்டு முழம் போய்த் திரும்பி என் முகத்திலேயே அடித்தது. பால் கேனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவரை நான் பார்த்தபோது, அவர் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஹேண்டில்பார் அவர் இடுப்பில் இடித்தது. வண்டி ஆடியதே தவிர விழவில்லை. கேன் உருண்டு ரோடெல்லாம் பால். பனியும் பாலும் ஒரே வெள்ளையாகக் கிடந்ததில் ஆள் எங்கே விழுந்தார் என்று தெரியவில்லை. அக்கா என் சட்டையைப் பிடித்து, “நிறுத்துடா” என்றாள். மறுபடியும், “நிறுத்துடா தம்பி” என்றாள். நான் நிறுத்தவில்லை. மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பால்காரர், இடுப்பும் காலும் போய்விட்டது, உயிர் இருக்கிறது, அடித்த வண்டி எதுவென்று தெரியவில்லை. டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் எழுந்தால் யாராவது கவனிப்பார்கள் என்று அந்த நேரத்திலும் யோசித்திருக்கிறேன், பாருங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜெபக்கூடத்தில் உபவாச ஜெபம், காலை பத்திலிருந்து மத்தியானம் வரை. எனக்கும் அன்றுதான் வார லீவு. பாஸ்டர் நல்ல மனிதர். பெலன் வாங்கினவர்கள் சும்மா இருக்க முடியாது, சாட்சி சொல்லியே ஆக வேண்டும் என்று வாரம் தவறாமல் சொல்வார். எங்கள் கூடத்தில் சாட்சி என்றால் காய்ச்சல் விட்டது, பிள்ளைக்குக் காலேஜில் சீட் கிடைத்தது, இவ்வளவுதான். எனக்கு மட்டும் அந்த டிசம்பருக்குப் பிறகு அது போலீஸ் ஸ்டேஷன் சொல்லாகக் காதில் விழ ஆரம்பித்தது. அந்த விபத்துக்கு ஒரே ஒரு சாட்சி. அவள் என் பக்கத்து அறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜெபம் மட்டும் மாறிவிட்டது. அதுவரை அத்தானுக்காக, அம்மாவுக்காக, எதிர்வீட்டுக் குழந்தைக்காக நீளமாக ஜெபிப்பவள், அதன் பிறகு ஒரே வரியில் நின்றுவிட்டாள். “பெலன் தாரும் ஆண்டவரே.” கூடத்தில் முழங்காலில் நின்று அதையே சொல்வாள். அந்நிய பாஷை பேசும் வரத்துக்காகக் காத்திருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒருநாள் அந்தப் பெலன் வரும், அவள் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிக் கொடுப்பாள் என்று நான் நடுங்கினேன். கடவுள் ஒருவருக்குச் செவிகொடுத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட ஆள் நான்.

வீட்டிலும் அதே வரிதான். மெஷின் ஓடும்போது எதுவும் கேட்காது. கால் மிதிப்பது நின்றதும், முந்தைய தையலின் தொடர்ச்சி போல அந்தக் குரல் வரும். சோறு பரிமாறும்போது உதடு அசையும். பார்வை என் கைகளின் மேலேயே இருக்கும். ஒரு மத்தியானம் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் எனக்குப் பின்னால் அக்கா நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. சட்டென்று திரும்பினேன். அறையில் யாரும் இல்லை. அடுப்படியில் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பைக்கில் ஏறினாலே பின்னால் ஆள் உட்கார்ந்த பாரம் தெரிந்தது. வண்டியைப் பூட்டிப் போட்டுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். ஜனவரியிலிருந்து சனிக்கிழமை தோறும் அக்கா ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு எங்கோ போய்வந்தாள். எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச்சில் புது செட் வந்தது. ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர், பளபளவென்று ஓர் இரும்பு மைக். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு, கழுவிவிட்ட ஈரச் சிமெண்டுத் தரையில் நிற்கிற இடம் அது. முதல் வாரமே நான்கு பேருக்குப் பெலன் இறங்கியது. பாஸ்டர் மரப்பலகை மேடையில் நின்று, ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தலையில் வைப்பார்; வைத்த மாத்திரத்தில் ஆட்கள் சிலிர்த்து விழுந்தார்கள். எல்லோரும் போன பிறகு டெஸ்டரை எடுத்து மைக்கின் மேல் வைத்தேன். மங்கலாக எரிந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது பின்னிலிருந்து எர்த் வயர் அறுந்து தொங்கியது. செட்டில் கசிகிற கரண்டுக்குப் போக வேறு வழியில்லை. மைக்கைப் பிடித்தவர், அவர் தொட்டவர் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

பிளக்கை அப்படியே மூடி மாட்டினேன். அக்கா கேட்பது பெலன்தானே, இதையே வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அழுவாள், விழுவாள், கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் அந்த ஜெபத்தை விட்டுவிடுவாள். அதற்குள் லிஸ்ட் வந்துவிடும். கூடப்பிறந்தவளுக்கு ஷாக் அடிக்கட்டும் என்று விட்டுவைத்தேன். இதற்கு வேறு பெயர் சொல்லி என்னால் தப்பிக்க முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை பாஸ்டர் அவளை முன்னால் அழைத்தார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். அவள் நெருங்கியதும் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் எழுந்தது. கை தலையில் பட்டதும் அவள் உடம்பு ஒருமுறை உதறியது. கூடம் முழுக்க ஸ்தோத்திரம், கைதட்டல். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் அக்கா விழவில்லை. அழவும் இல்லை. பாஸ்டரின் விரல்களுக்குக் கீழே அவள் கண்கள் திறந்தன. அத்தனை பேரைத் தாண்டி, சுவரோரம் பிளக் பாயிண்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உச்சி வெயில். ரோட்டில் எங்களைத் தவிர ஆள் இல்லை. பாதி தூரம் வந்த பிறகு சொன்னாள்.

“கரண்டுக்கும் ஆண்டவருக்கும் வித்தியாசம் தெரியாதவளாடா நான்? நெய்வேலியில பொறந்தவ.”

எர்த் போயிருப்பது எனக்குத் தெரியும் என்பதையும், தெரிந்தேதான் விட்டுவைத்தேன் என்பதையும் அவளே சொன்னாள். பிறகு சனிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னாள். விசாரித்து விசாரித்து அந்தப் பால்காரர் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். முதல் மூன்று வாரம், பழம் கொடுத்துவிட்டு, பேச முடியாமல் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறாள். நான்காவது வாரம், வண்டியில் பின்னால் இருந்தவள் தான்தான் என்று சொல்லிவிட்டாள். ஓட்டியது யார் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த மனிதர் அவளைத் திட்டவில்லை. அன்றைக்குத் தன் காதில் விழுந்ததை மட்டும் சொல்லியிருக்கிறார். “ரெண்டு தபா நிறுத்து, நிறுத்து தம்பின்னு கொரலு கேட்டுச்சும்மா. மூணாவது தபா கேக்கும், வண்டி நிக்கும்னு அந்தக் குளிர்ல படுத்துக்கினு இருந்தேன்.”

“நீதான் சொல்லிட்டேல்லக்கா. அப்புறமும் எதுக்கு பெலன் கேட்டுட்டே இருக்கே?”

“எனக்குக் கேக்கலடா” என்றாள். “உனக்குத்தான் கேக்குறேன்.”

அந்த வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. நான்கு மாதமாக அவள் உதட்டில் நான் பார்த்துப் பயந்த வரி முழுவதும் என் மேல்தான் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நிற்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் நான் எழுந்து நிற்பதற்காகக் காத்திருந்திருக்கிறாள்.

மறுநாள் போய் எர்த் வயரை முறுக்கி, பின்னில் இறுக்கினேன். டெஸ்டர் எரியவில்லை. அதன் பிறகு பாஸ்டரின் கை வெறும் கையாகத்தான் இருந்தது, சிலர் முணுமுணுத்தார்கள். பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, செட்டில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். கோளாறு முன்பு இருந்தது, இப்போது இல்லை என்றேன். அடுத்த வாரம் அதே மைக்கைப் பிடித்து, போன மாதம் தன் கையிலிருந்து போனது கரண்டு என்று சபையாரிடம் அவரே சொன்னார். முகம் சிவந்து, வார்த்தை திக்கிச் சொன்னார். அவர் பேசி முடித்ததும் எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை. எழுந்து சொல்லவும் இல்லை.

லிஸ்ட்டுக்கான சர்டிபிகேட் பார்க்கும் நாள் வந்தது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல், பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பண்ருட்டிப் பக்கம் போகிற பஸ் வந்தது. நான் ஏறினேன். ஏற வேண்டும் என்று முடிவெடுத்ததாக எனக்கு நினைவே இல்லை. கண்டக்டர் கேட்டதும் என் வாய் முத்தாண்டிக்குப்பம் என்றது. உடம்பில் சிலிர்ப்பில்லை, சூடில்லை. பயம் இருந்தது, ஆனால் அது என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தது. இறங்கி, யாரையும் வழி கேட்காமல் நடந்தேன். அந்த வீட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று அக்கா சொன்னதும் இல்லை. கால்கள் போன வழியில் நான் போனேன். இன்றுவரை இதற்கு எனக்கு விளக்கம் கிடையாது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேஸ், கோர்ட்டு எல்லாம் நடந்தது, தண்டனையை அனுபவித்தேன். அன்று போகாததால் லிஸ்ட்டில் என் பெயர் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. இன்றும் கான்ட்ராக்ட்தான். வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். கூட வேலை பார்த்தவன் புது யூனிபார்மில் போகும்போது வயிறு எரிந்திருக்கிறது. முத்தாண்டிக்குப்பம் போன அன்று சாயங்காலம் ஸ்டேஷன் ஜாமீனில் வீட்டுக்கு வந்ததும், அக்கா தட்டில் சோறு போட்டாள், பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சாகும்வரை அந்த ஒற்றை வரியை மறுபடி அவள் ஜெபிக்கவில்லை. இப்போது ஜெபக்கூடத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான்தான் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு செட்டைப் போடுகிறேன். சில நாள், டெஸ்டர் துளியும் எரியாத மைக்கைக் கையில் எடுக்கும்போது பிடரி மயிர் எழுந்து நிற்கிறது. வயரிங் தெரிந்தவன் என்ற முறையில் அதைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அன்று பால்காரர் வீட்டு வாசலில் ஓர் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

“டவுன்ஷிப் அம்மாவோட தம்பிங்களா?” என்றார். “உள்ள வாங்க. வருவாரு வருவாருன்னு அவங்க சொல்லிக்கினே இருந்தாங்க. நாங்களும் தெனம் பாத்துக்கினுதான் இருந்தோம்.”

உள்ளே கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் மடங்காமல் நீட்டியபடி இருந்தது. முகத்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். வண்டியை ஓட்டியது நான், நிறுத்தாமல் போனதும் நான்தான் என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்டேஷனில் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை, இனிமேல்தான் போக வேண்டும் என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்து, கொடியில் கிடந்த சட்டையை எடுக்கச் சொன்னார்.

“தனியா போவாதீங்க” என்றார். “நானும் வரேன்.”

அந்த அம்மா சட்டையை மாட்டிவிட, அவர் கம்பை ஊன்றி எழுந்தார். வாசலில் இறங்கும்போது படி தெரியாமல் தடுமாறியது நான். அவர்தான் என் கையைப் பிடித்தார்.