டைல்ஸ் ஏற ஏற, ஈரமும் ஏறும்

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டிக் கூட்டம். ஆலயச் சுவரில் வரிசையாகப் பதித்திருக்கும் பெயர் டைல்ஸ்களைக் காட்டி, "இந்தக் கல்லறைக் கல்லையெல்லாம் பெயர்த்து எடுத்துடலாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. யார் முன்னால் என்ன வார்த்தையை விட்டுவிட்டேன்!

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் எங்கள் காலனி. நடுவே ஒரு சின்ன ஆலயம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியது. நூறு வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் ஆட்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டு, ஓலைக் குடிசையில் படுத்த காலம் அது. தங்களுக்கென்று அவர்கள் எழுப்பிய முதல் செங்கல் சுவர் இதுதான்.

அந்தச் சுவரில் ஓதம். தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. கூடவே உப்பு. சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஈரம் ஏறும், காயும், போய்விடும். அப்புறம் யாரோ நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டது. கறை தெரிந்தது.

கறையை மறைக்க முழங்கால் உயரத்துக்கு டைல்ஸ். ஒரு டைலில் 'இன்னார் நினைவாக, குடும்பத்தார் அன்பளிப்பு.' ஈரம் சும்மா இருக்குமா? பின்னாலேயே ஏறி இடுப்பளவில் எட்டிப் பார்த்தது. அடுத்த குடும்பம் இடுப்பளவுக்கு அன்பளிப்பு. ஈரம் மேலே போனது. டைல்ஸும் மார்பளவுக்குப் போனது... இப்போது கறை கழுத்தளவில் நிற்கிறது. துபாயில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், கூரைவரைக்கும் ஒட்டித் தருகிறேன் என்று முன்வந்திருக்கிறார்.

நோய்க்கு மேலே நோயை ஒட்டி, அதில் பெயரும் பொறித்து வைக்கிறோமே... இதை நம்மைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

நான் ஆர்க்கிடெக்ட். பழைய கட்டிடங்களில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவது என் வேலை. ஊரெல்லாம் பூசுகிறேன், சொந்தக் காலனியில் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியுமா?

கமிட்டிச் செயலாளர் ஜான்சி அக்காதான் முதலில் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, அவனவன் வூட்ல பாத்ரூமுக்கே கூரை வரிக்கும் டைல்ஸ் போட்டுகினு கீறான். ஆண்டவர் வூட்டுக்கு மட்டும் சுண்ணாம்பா? கடலோரம் ரிசார்ட்டுக்காரன் வேணும்னே பழசா கட்றான், அது அவனுக்கு ஷோக்கு. நாம எப்பதான்மா புதுசா இருக்கறது?"

நியாயமான கேள்வி. எனக்கும் 'பாரம்பரியம்' என்ற சொல் காதில் விழுந்தாலே எரிச்சல்தான். "பழசுன்றதுக்காகக் கேக்கலக்கா. இந்தச் சுவரு நிக்கணும்னு கேக்கறேன்" என்றேன்.

அப்போதுதான் டேனியல் அண்ணன் எழுந்தார். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸின் டிரைவர். மார்பளவு வரிசை அவருடைய அன்பளிப்பு. நடு டைலில் அவர் அம்மாவின் பெயர்.

"கல்லறைக் கல்லுன்னியே... அதுல எங்கம்மா பேரு கீது. தெரியுமில்ல?"

"தெரியும்ணா."

"இந்தச் சுவத்துல சாஞ்சிகினுதான் அது பிரசங்கம் கேக்கும். வாராவாரம் பொடவைல கறை. அது போனப்புறம் வேற எந்தப் பொம்பள பொடவையும் பாழாகக் கூடாதுன்னு ஒட்னேன். தப்பா?"

விவரமானவர்கள் இந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். நானா?

"கல்லறைக் கல்லுன்னது தப்பு, மன்னிச்சுக்கோங்கண்ணா. ஆனா டைல்ஸ் ஒட்னதும் தப்புதான்."

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "பாரேன், காலேஜுக்குப் போய் திமிர மட்டும் நல்லா படிச்சிகினு வந்துகீது!" கொல்லென்று சிரிப்பு.

சிரிக்கட்டும். நேரே சுவரிடம் போய் விரல் முட்டியால் தட்டினேன். மார்பளவு வரிசை முழுக்க 'பொக்... பொக்' என்றது. "நீங்களே தட்டிப் பாருங்கண்ணா."

தட்டினார். முகம் மாறியது. விறுவிறுவென்று வெளியே போய், பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். அம்மா பெயருக்குப் பக்கத்து டைலின் ஓரத்தில் வைத்து ஒரு நெம்பு. இதற்காகவே காத்திருந்த மாதிரி கழன்று கையில் வந்தது.

உள்ளே சொதசொதவென்று ஈரம். செங்கல்லில் விரலை வைத்தார். முதல் கணு வரை உள்ளே போனது! எடுத்தபோது விரல் முழுக்கச் சிவப்புப் பொடி.

"சுவரா இது, புட்டா?" என்றது அதே பின் வரிசைக் குரல். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"எத்தினி நாளா இப்டி?" என்றார் டேனியல் அண்ணன்.

பொய் சொல்லியிருக்கலாம். "நீங்க ஒட்டின நாளா. அதுக்கு முன்னாடி இங்க கறைதான் இருந்துச்சு, செங்கல் இப்டி ஊறினதில்லண்ணா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை அம்மாவின் பெயருக்கு அடியில் வைத்தார். ஜான்சி அக்கா ஓடிவந்தார். "டேனியலு, வேணாம்டா. அம்மா பேருடா. பொறுமையா பேசிக்கலாம்."

"இன்னா பேசறது? வுட்டா பேரோட சேந்து சுவரும் வுழும்."

நெம்பினார். டைல் கழன்று வந்தது, ஒரு மூலை மட்டும் சில்லுப் பெயர்ந்தது. தோளில் கிடந்த துண்டில் டைலைச் சுற்றிக்கொண்டு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "எங்கம்மா பேரையே எடுத்துட்டேன். இனிமே எவன் பேருக்கு இன்னா கொம்பு மொளைச்சிகீது?"



கடைசியில் தீர்மானம் இதுதான்: அந்த ஒரு சுவர் மட்டும் என் கையில். சிமெண்டையும் கொத்தி எடுத்து, காயவிட்டு, பூக்கிற உப்பைத் துடைத்து, பிறகு சுண்ணாம்பு. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்படுத்தினால் வெடிக்கும். ஜான்சி அக்கா ஒரு நிபந்தனையும் போட்டார். அடுத்த மழைக்காலம் முடிந்தும் கழுத்தளவில் கறை இருந்தால், நானே என் கையால் கூரைவரைக்கும் டைல்ஸ் ஒட்டித் தர வேண்டும். சரி என்றுவிட்டேன்.

துபாய்க்காரருக்குக் கோபம். இரண்டு குடும்பங்கள் என்னிடம் பேசுவதில்லை. சுவர் இப்போது தோலுரித்த மாதிரி அசிங்கமாகத்தான் நிற்கிறது. கிறிஸ்துமஸ் போட்டோவில் அப்படியேதான் விழும். விழட்டும்! எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் அது காற்று வாங்குகிறது. பவுடர் போட்டுவிட இதுவா நேரம்?

அடுத்தது எதிர்ச்சுவர். அதில் பெயர் பொறித்திருக்கும் குடும்பங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா, தாத்தா பெயர்களைக் கீறல் விழாமல் எடுத்துக் கையில் தருவது என் பொறுப்பு. எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள்... சுவரின் மூக்கு மேல் மட்டும் வேண்டாம்.