கதையில் யாருமே இல்லை, டீச்சர்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. பள்ளி திறந்து இரண்டாவது மாதம். பினாங்கை அடுத்துள்ள சிற்றூரான திகாம் பத்துவிலிருந்து உள்ளே போனால், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி வரும். நான் அங்கே இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியை.

பிள்ளைகளின் வாசிப்பு நிலையைச் சோதிக்கும் வாரம் அது. ஒவ்வொரு பிள்ளையாக என் மேசைக்கு அழைப்பேன். ஒரு பக்கக் கதையைக் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்வேன். எங்கே திக்குகிறார்கள், எந்தச் சொல்லை விழுங்குகிறார்கள், சரளம் எப்படி, புரிந்துதான் வாசிக்கிறார்களா என்று பார்த்து நிலை போட வேண்டும். மிகவும் பின்தங்கியவர்கள் குறைநீக்கல் வகுப்புக்குப் போவார்கள். ஆசிரியர்களுக்கு இது சலிப்பான வேலை. அதே கதையைக் காலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று என் முன்னால் வந்து உட்கார்ந்தவள், முதலாம் ஆண்டில் எல்லோரையும்விட நன்றாக வாசித்த பிள்ளை. பள்ளி முழுதும் திரளும் காலைச் சபை கூடலில் மைக் முன்னால் நிறுத்தி வாசிக்க வைத்திருக்கிறோம். இந்த வருடம் என்னவோ மாறிப்போயிருந்தாள். பயிற்சிப் புத்தகத்தில் பாதிப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பிப்பாள். அடிக்கடி தலைவலி என்று படுத்துவிடுவாள். பக்கத்தில் உட்காரும் தோழி, "இவ என்கூட பேசவே மாட்டேங்குறா" என்று அழுதுகொண்டே வந்து சொன்னாள். வீட்டில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம்.

அவள் வாசித்தாள். "காலையில் சந்தைக்குப் போனார். பெரிய மீன் ஒன்றை வாங்கினார். தூரத்திலிருந்து அதைப் பார்த்தது." குரல் தெளிவாக இருந்தது. திக்கவே இல்லை. நம் தமிழில் எழுவாய் இல்லாவிட்டாலும் வாக்கியம் நின்றுவிடும் அல்லவா? அதனால் சட்டென்று காதில் உறுத்தவில்லை. கதை முடிந்ததும் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். மீன் வாங்கியது யார்?

அவள் தாளையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தெரியல டீச்சர். இந்தக் கதையில யாருமே இல்ல."

தாளில் 'மாமா' இருந்தார். 'பூனை' இருந்தது. ஒவ்வொரு வரியும் அப்படித்தான் தொடங்கியது. அவள் விட்டதெல்லாம் வரியின் முதல் சொல். கவனக்குறைவாக வாசிக்கும் பிள்ளை அங்கொன்று இங்கொன்றாக விடும். வரிக்கு வரி, ஒரே ஓரத்தில் மட்டும் விடாது. தாளை அவளுடைய வலது பக்கம் நன்றாகத் தள்ளி வைத்தேன். "மாமா காலையில் சந்தைக்குப் போனார்" என்று வாசித்தாள்.

தாளைக் கீழே வைத்தேன். என் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் கையை நீட்டி, ஒரு விரலை மட்டும் அசைத்தேன். வலது பக்கம் அசைத்தால் உடனே சொன்னாள். இடது பக்கம் அசைத்தபோது காத்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் ஆட்டலையா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவளுக்கு இடது பக்க உலகமே இல்லை. பேசாமல் போனதாக அழுத தோழி உட்கார்ந்திருந்ததும் அந்தப் பக்கம்தான்.

தலைமையாசிரியையிடம் ஓடினேன். அவர் நல்லவர், ஆனால் பயந்தார். நாம் டாக்டர் இல்லை, பெற்றோர் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது, முதலில் குறைநீக்கல் வகுப்பில் போட்டுப் பார்ப்போம் என்றார். நான் கேட்கவில்லை. அன்றே அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். அப்பா சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அம்மா சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு, தூங்காமல் அதே சீருடையில் வந்திருந்தார். பிள்ளை காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்கிறாள் என்று அம்மா சொன்னார். கண்ணாடிக் கடைக்குக்கூட அழைத்துப் போயிருக்கிறார்கள். பலகையில் ஒவ்வொன்றாகக் காட்டிய எழுத்தையெல்லாம் சரியாகச் சொன்னாளாம், கண்ணில் குறையில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். மூளை சம்பந்தமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான் சொன்னதும் அப்பாவின் முகம் இறுகியது.

"படிக்க வரலன்னா சொல்லிக் குடுங்க டீச்சர். அதுக்குத்தான ஸ்கூலுக்கு அனுப்பறோம். ஆஸ்பத்திரி அது இதுன்னு பேசாதீங்க லா."

வாக்குவாதம் செய்து பயனில்லை என்று தோன்றியது. பிள்ளையை அழைத்து வந்து நடைபாதையில் நிற்க வைத்தேன். நேரே கொடிக்கம்பத்தைப் பார்க்கச் சொன்னேன். அப்பாவை அவளுடைய இடது பக்கம் போய் நிற்கச் சொன்னேன். ஓசைப்படாமல் போய் நின்றார். கையை நீட்டினால் அவள் தோளைத் தொடலாம், அவ்வளவு பக்கத்தில்.

அவள் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கேட்டாள். "அம்மா, அப்பா வேலைக்குப் போயிட்டாரா?"

அவர் அப்படியே தரையில் குந்திவிட்டார். பிறகு எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்ற காடியின் பின் இருக்கையில் உட்கார வைத்தார். நானும் அவர்களோடு போனேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், நான் செய்த அதே விரல் சோதனையைச் செய்து பார்த்தார். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி. பினாங்கில் அறுவை சிகிச்சை என்று முடிவானது. விட்டுவைத்தால் முதலில் மிச்சப் பார்வை போகும், பிறகு உயிரும் போகும் என்றார்கள். அறுத்தாலும் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அறுவை சிகிச்சை நடந்த நாள் முழுக்க நான் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. மாலையில் அம்மாவின் குரல் பதிவு வந்தது. உயிருக்குப் பயமில்லையாம். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். சந்தோஷ அழுகைதான். கட்டுப் பிரித்து, வீக்கம் வடிந்து, வாரங்கள் கழிந்த பிறகுதான் தெரிந்தது. வெளிச்சம், இருட்டு இரண்டைத் தவிர அவளுக்கு இனி எதுவும் தெரியாது.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு பார்க்கப் போனேன். தோட்டத்து வீடு. வாசலில் லாரி நின்றது, அப்பா வேலைக்குப் போகவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். ஆனால் அவர் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"பாதியாச்சும் தெரிஞ்சிட்டு இருந்துச்சு டீச்சர். நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா, அந்தப் பாதி இன்னும் இருந்திருக்கும்."

சமையலறையிலிருந்து அம்மா சொன்னார். "புள்ள இருந்திருக்காது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வெளியே போய் லாரியின் சக்கரத்தருகே நின்றுகொண்டார். டாக்டர்கள் சொன்னதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? யாரிடமாவது போய்க் கோபப்பட வேண்டும். கட்டியிடம் கோபப்பட முடியாது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளை உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. என் குரலைக் கேட்டு முகத்தைத் திருப்பினாள், ஆனால் கொஞ்சம் தள்ளி, ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள். வகுப்பில் அவளுடைய இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. பாடாங் மேஹாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள் என்றேன்.

அவள் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அவகிட்ட பேக்க கீழ வைக்க வேணாம்னு சொல்லுங்க டீச்சர். அங்க எறும்பு வரும்."

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன பேசினேன் என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வருடம் அவள் பினாங்கில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் போய்விட்டாள். விடுதியில் தங்கியிருக்கிறாள். புள்ளிகளைத் தடவி மலாய் வாசிக்கிறாளாம், கெட்டிக்காரி என்று அங்கேயும் சொல்கிறார்களாம். தமிழில் அப்படி வாசிக்க அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. "பேசறது மட்டும்தான் டீச்சர் தமிழ்" என்று அம்மா தீபாவளிக்கு அனுப்பிய குரல் பதிவில் சொல்லியிருந்தார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதை இரண்டாவது முறை கேட்க முடியவில்லை.

அப்பாவை ஒரே ஒரு முறை திகாம் பத்துக் கடைத்தெருவில் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். லேசாகத் தலையசைத்தார். நான் சாலையைக் கடப்பதற்குள் கூட்டத்தில் போய்விட்டார். அது மன்னிப்பா, வெறும் மரியாதையா, தெரியாது.

கேட்டவர்கள் எல்லோரும், ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டாய் என்கிறார்கள். பள்ளியிலும் பாராட்டினார்கள். ஆனால் நான் நல்லது செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் வாய் வருவதில்லை. சரியான காரியத்தைச் செய்துவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று அந்தத் தோட்டத்து வீட்டில் தெரிந்துகொண்டேன். ஆனாலும் நாளைக்கே அப்படி ஒரு பிள்ளை என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால், அவள் அப்பா என்னை வாழ்நாள் முழுக்க வெறுத்தாலும் பரவாயில்லை என்று, நான் மறுபடியும் போனை எடுத்து அவள் அம்மாவைக் கூப்பிடத்தான் செய்வேன்.