புத்தகத்தில் இல்லாத பிரபு

என் பத்து வயதில் நான் பயந்த ஒரே மனிதருக்கு வாள் கிடையாது, கொம்பு கிடையாது, குரலை உயர்த்திப் பேசும் பழக்கம்கூடக் கிடையாது. வந்தால் உட்காருவார். கொடுத்ததைச் சாப்பிடுவார். சட்டையில் வரிசையாக வெள்ளிப் பித்தான்கள். எழுந்து போகும்போது, "யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம்" என்பார். அவ்வளவுதான். மறுநாள் கணக்கு வகுப்பில் அந்தக் குரல் ஞாபகம் வந்து எனக்குக் கூட்டல் தப்பும். கூட்டல் தப்ப எனக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், பழியில் பாதி பிரபுவுக்குத்தான் சேரும்.

அவரை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிட்டங்கியின் மேல்மாடி எங்கள் வீடு. எங்கள் சட்டை, சாதம், பாடப் புத்தகம் எல்லாவற்றிலும் சுக்கு மணக்கும். அத்தை தினமும் படகுத்துறையில் போட் ஏறி வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜெண்டின் ஆபீசுக்கு வேலைக்குப் போவாள். கப்பல்காரர்கள் படித்து முடித்த புத்தகங்களை அங்கே ஒரு அலமாரியில் போட்டுவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் அட்டையில் துப்பாக்கியோ, துணிப் பஞ்சத்தில் அடிபட்ட பெண்ணோ இருப்பதால் அவை வீடுவரை வருவதில்லை. ஒரு மழைக்காலத்தில், அட்டையில் டிராகன் படம் போட்ட பெரிய, மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று வந்தது.

அது கதைப் புத்தகம் அல்ல, விளையாட்டு. மலைக்கு அடியில் ஒரு கோட்டை. அதில் எந்த அறையில் என்ன ஆபத்து என்று வரிசையாக அச்சடித்திருக்கும். ஒருவர் அதைப் படித்துச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, கதவைத் திறக்கிறேன், பாலத்தில் ஏறுகிறேன் என்று சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். பகடை அந்தக் கப்பல்காரனோடே போய்விட்டது. அதற்குப் பதிலாக அத்தை தம்போலா பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரையுள்ள மரக்கட்டைகளைப் பொறுக்கி, காலியான ஊறுகாய் ஜாடியில் போட்டுக் குலுக்கினாள். எங்கள் வீரர்களின் விதியில் எப்போதும் லேசாக நாரத்தங்காய் வாசனை அடித்தது.

விளையாடியவர்கள் மூவர். பதின்மூன்று வயது அக்கா, மந்திரக்காரி. பக்கத்து வீட்டுக் கொங்கணிப் பையன், ஒரு கோடாலிக்காரன். அவனுக்கு எங்கள் வீட்டுத் தமிழ் முழுக்கப் புரியும், பேசுவது மலையாளம். நான் வில்லாளி. ஆறடி உயரம், அசாத்திய தோள்கள், எதற்கும் அஞ்சாதவன் என்று நானே விவரம் கொடுத்திருந்தேன். நிஜத்தில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் தலையை விட்டு, எடுக்கத் தெரியாமல் அழுதவன்.

பிரபு முதலில் வந்தது பாலத்தடியில். அத்தை விரலை நடுவில் வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கத்தை அவள் மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிரபுவோடு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் ஒரு கிழவியும், எதற்கும் தலையாட்டும் ஓர் ஒல்லி மனிதனும் வந்தார்கள். அந்த நாட்டு வழக்கப்படி வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், போட்டோம். பிரபு வில்லாளியைப் பார்த்து, கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். வில்லாளி எதற்குப் பாட வேண்டும் என்று கேட்டேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றார். பாடினேன். உயரம் கொஞ்சம் அதிகம் என்று கிழவி முணுமுணுத்தாள். யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். போனபின் என் பலத்தில் ஒன்று குறைந்திருந்தது.

கொங்கணிப் பையனுக்குப் பொறுக்கவில்லை. "வெட்டிக்களயட்டே சேச்சீ?" என்று கோடாலியை ஓங்கினான்.

"எதுக்காக்கும் வெட்டுவே?" என்றாள் அத்தை. "அவர் என்ன செஞ்சார்? வந்தார், சாப்பிட்டார், போனார்."

அதுதான் கொடுமை. டிராகனாவது ஒழுங்கான எதிரி. கடைசி அறையில் உட்கார்ந்துகொண்டு யாராவது வரமாட்டார்களா என்று காத்திருக்கும். பிரபு அப்படியில்லை. ஆயுத அறையில் வந்தார், கிணற்றடியில் வந்தார், வௌவால் குகையில்கூட நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒருமுறை அக்காவிடம், மந்திரம் எல்லாம் இவ்வளவு படித்திருக்க வேண்டுமா என்று கேட்டார். ஒருமுறை கொங்கணிப் பையனின் நிறம் பற்றி ஏதோ சொன்னார். அவன் அன்று வீட்டுக்குப் போய் முகத்தை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினான் என்று அவன் அம்மா சொன்னாள். வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் எங்களிடமிருந்து ஏதாவது குறைந்தது. பலம் தீர்ந்தால் வீரன் காலி.

எங்கள் வீட்டில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் செய்வார்கள். அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொள்வாள். யாரோ வந்து கூடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை விளையாட்டில் பிரபு வருவார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் நான் கணக்கிலும் தேறியிருப்பேன்.

ஆனி மாதத்து ஒரு ஞாயிறு. பாலத்துக்கு அக்கரையிலுள்ள தேவராவிலிருந்து வருகிறார்கள், பையனுக்கு வடக்கே எங்கோ உத்தியோகம் என்றார்கள். அப்பா காலையிலிருந்தே யாரோடும் பேசவில்லை. அம்மாவிடம் மட்டும், இதுதான் கடைசி, அவர்கள் சரி என்றால் சரிதான், இனிமேல் நம் பக்கத்தில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொன்னது எங்களுக்கும் கேட்டது. என் கவலை வேறு. வில்லாளியின் பலம் ஒன்றுதான் பாக்கி. பிரபு இன்னும் ஒருமுறை வந்தால் செத்தான்.

பாலத்தில் லாரி நின்றுபோனதால் அவர்கள் வரத் தாமதமாகும் என்று கீழே கிட்டங்கி போனுக்குத் தகவல் வந்தது. அத்தை பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஜாடியை எடுத்துக்கொண்டு போனோம். இன்றைக்கு வேண்டாம் என்பாள் என்று பார்த்தால், "சரி, வாங்கோ" என்று புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

டிராகனின் அறைக்கு முன்னால் ஒரு கதவுதான் இருந்தது. அத்தை விரலை வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

பிரபு உள்ளே வந்தார். வழக்கம்போல உட்கார்ந்தார். ஓடிவிடுகிறேன் என்றேன். கதவு பூட்டியிருக்கிறது என்றாள் அத்தை. சாப்பாடு போட மாட்டேன் என்றேன். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றாள். கொங்கணிப் பையன் கோடாலியைப் பற்றி மறுபடி விசாரித்தான். அத்தை குரல் மெதுவாகிக்கொண்டே போனது. பிரபு எழுந்துகொள்கிறார், மேல்துண்டைச் சரி செய்கிறார், வாயைத் திறக்கிறார்.

அதுவரை பேசாமலிருந்த அக்கா, "நில்லு" என்றாள். "அவர் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்றேன்."

"என்ன சொல்றே?"

"நாங்க யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம்."

அத்தை அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். கீழே யாரோ மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஜாடியை என் பக்கம் தள்ளி, பதினெட்டுக்குக் குறையாமல் விழுந்தால் பிரபு போய்விடுவார், குறைந்தால் வில்லாளி முடிந்தான் என்றாள். ஜாடிக்குள் கையை விட்டு ஒரு கட்டையை எடுத்தேன். எண்ணைப் பார்ப்பதற்குள் அம்மா ஓடிவந்தாள்.

"வந்தாச்சு. எழுந்திரு."

அத்தை எழுந்து, புடவையை நீவிவிட்டுக்கொண்டு போனாள். அவள் இல்லாமல் எண்ணைப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். நான் முஷ்டியை மூடிக்கொண்டு அக்காவோடு கூடத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். கட்டை உள்ளங்கையில் வேர்வையில் வழுக்கியது. என் வாழ்வும் சாவும் கையில் இருக்கும்போது பெரியவர்கள் உட்கார்ந்து பாலத்து லாரியைப் பற்றிப் பேசினார்கள்.

வந்தவர்கள் மூன்று பேர். பையன், அவன் அப்பா, அம்மா. அத்தை தட்டைக் கொண்டுவந்து வைத்து, நமஸ்காரம் பண்ணினாள். பையன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பஜ்ஜியைப் பார்த்தான். அந்த அம்மாள் அத்தையை ஜன்னல் பக்கம் வரச் சொன்னாள், வெளிச்சத்துக்காக. பிறகு மூவரும் பார்வையாலேயே ஏதோ பேசிக்கொண்டார்கள். பையனின் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்குத் திருப்தி என்றார். பெண் வேலையை விட்டுவிட வேண்டியிருக்கும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆவணியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "பின்னே என்ன" என்று ஆரம்பித்தார்.

"நாங்க யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம்" என்றாள் அத்தை.

சாதாரணமாகத்தான் சொன்னாள். பையனின் அப்பா, சரியாகக் காதில் விழாதவர்போல அப்பாவைப் பார்த்தார். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை ஜன்னலோரத்திலேயே நின்றாள். கைகள் மட்டும் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன.

எனக்கோ பதைபதைப்பு. அக்காவின் காதில், "நம்பரே பார்க்கலையே" என்றேன். அவள் என் தொடையில் கிள்ளிய கிள்ளு நாலு நாள் நீலமாக இருந்தது.

அவர்கள் போனபிறகு அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் கேட்டார். அத்தை, எனக்கும் எண்ணிக்கை தெரியும் அண்ணா என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய், சுக்கு மூட்டைகளுக்கு நடுவே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

அத்தை புடவையை மாற்றாமல் உள்ளறைக்கு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். நான் முஷ்டியைத் திறந்தேன். மூன்று.

கொங்கணிப் பையன் எனக்காகத் தலையில் கை வைத்துக்கொண்டான். அத்தை கட்டையை வாங்கி ஜாடியில் போட்டு மூடினாள். "பிரபு போயிட்டார். கதவைத் திற, டிராகன் காத்திண்டிருக்கு."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பதினெட்டு வேண்டும் என்று அவளே சொன்னாள், விழுந்தது மூன்று, இது கள்ளாட்டம், வில்லாளி மானஸ்தன், செத்தால் சாவான் என்று மூக்கு விடைக்க வாதாடினேன். உயிர் தப்பியவன் அதற்காக இவ்வளவு கோபப்பட்டது சரித்திரத்தில் அரிது.

"புஸ்தகத்துலே இல்லாத ஆளுக்கு புஸ்தகத்துலே ரூல் எப்படிடா இருக்கும்?" என்றாள் அத்தை. சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

அப்போது அம்மா மிச்சமிருந்த பஜ்ஜியைத் தட்டில் கொண்டுவந்தாள். இந்த விளையாட்டைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்காதவள், தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்று, "இனிமே வரமாட்டானே அவன்?" என்றாள்.

"தெரியலை மன்னி" என்றாள் அத்தை. "இன்னிக்குப் போயிட்டான்."

மறுநாள் அவள் வழக்கம்போல போட் ஏறி ஆபீசுக்குப் போனாள். அவள் சொன்னதை நான் நம்பியிருக்கவில்லை. புத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி ஒவ்வொரு அறையாகத் தேடினேன். வௌவால் இருந்தது, கிணறு இருந்தது, ஆயுத அறையில் துருப்பிடித்த ஈட்டிகள்கூட எண்ணிக்கையோடு இருந்தன. பிரபு இல்லை. அக்கா கிழித்திருப்பாளோ என்று பக்க எண்களைச் சரிபார்த்தேன். எல்லாம் வரிசையாக இருந்தன. ஆக, அச்சடிக்கும்போதே விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கப்பல்காரன் இதை ஏன் விட்டுவிட்டுப் போனான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொங்கணிப் பையனும் தீர யோசித்து, இது டூப்ளிக்கேட்தான் என்றான்.

சாயங்காலம் அத்தை மாடிப்படி ஏறிவரும்போதே விஷயத்தை உடைத்தேன். முக்கியமான ஆளே இதில் இல்லை, உங்கள் ஆபீசில் சொல்லி நல்ல காப்பி ஒன்று வாங்க முடியுமா என்று கேட்டேன்.

அத்தை குடையை உதறி ஓரமாக வைத்தாள். "வேண்டாம்டா. இந்தக் காப்பியே எனக்குப் போறும்."

இத்தனை படித்தவள், ஆபீசில் வேலை பார்ப்பவள், ஓர் அரைகுறைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று எனக்கு ஒரே வருத்தமாக இருந்தது.