மண்ணில் புதைத்த தொட்டிகள்

தோட்டக்கலைப் படிப்பின் கடைசி ஆண்டில் பயிற்சிக்காக அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். வாசலில் நான் வைத்த குரோட்டன்ஸ் ஒரே வாரத்தில் இலை நுனியிலிருந்து கருகியது. இங்கே காற்று சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அதைப் பிரிக்கக்கூட இல்லை.

"பார்வையிட ஆளுங்க வர்றாங்க. வாசல் பச்சையா இருக்கணும், அவ்வளவுதான்."

பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். தொட்டிகளை விளிம்புவரை மண்ணில் புதைத்து, ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கருகியதை எடுத்துவிட்டுப் புதியதை இறக்கினேன். அங்கேயே வேர்விட்டு வளர்ந்ததுபோல் இருக்கும். கல்லூரியில் முதல் மதிப்பெண் எனக்குத்தான்.

ஒருநாள் அந்தச் செடிகளுக்கு நடுவே ஒரு தொழிலாளி சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். இருமி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பச்சையா கீதும்மா! உள்ளதான் மூச்சு முட்டுது. இங்க காத்து நல்லா கீது, அதான் தெனம் இங்கியே குந்திகினு துன்றேன்."