இடது பின் டயர்

இது எனக்கு நடந்தது. கேள்விப்பட்ட கதை இல்லை, யாரோ சொல்லி நான் சொல்வதும் இல்லை. நம்ப மாட்டேன் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பேய்க்கதை என்றதும் வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், நாய் ஊளை, பன்னிரண்டு மணி என்று ஆவலாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அதெல்லாம் என்னிடம் கிடையாது. எனக்கு நடந்தது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில். நான் கண்ணால் பார்த்தது ஒன்றுமே இல்லை. பார்த்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நான் டயர்க் கடை வைத்திருக்கிறேன். டயர் மாற்றுவது, பேலன்சிங், அலைன்மெண்ட். இருபது வருடமாக மனிதர்களை அவர்களுடைய டயரைப் பார்த்தே எடை போட்டுப் பழகியவன். அதில் எனக்கு அறவே ஆகாத ரகம் ஒன்று உண்டு. பிக்கப் வண்டி வாங்குவார்கள். கம்பெனிக்காரன் கணக்குப் பார்த்து மாட்டிய சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளியே பிதுங்குகிற அலாய் வீலும் இடுப்புயர டயருமாகத் திரிவார்கள். ஏன் என்று கேட்டால் "கெத்தா இருக்கும்ல" என்பார்கள். அந்த ரகத்தில் முதல் தரமான ஒருவர் என் குடும்பத்துக்கே வந்து சேர்ந்தார். என் தங்கையின் கணவர்.

தங்கையின் கணவர் என்பதால் "வாங்க மாப்ளே, உக்காருங்க" என்றுதான் நான் பேச வேண்டும். மனதுக்குள் கூப்பிடுவது வேறு. அதை இங்கே எழுதினால் தங்கை படித்துவிடுவாள்.

அவருடைய வண்டியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஷோரூமிலிருந்து புத்தம் புதிதாக எடுத்த வண்டி. மூன்று வருடமாக வேறு கை மாறவில்லை. அந்த மூன்று வருடத்தில் அதன் பின்தொட்டியில் ஒரு சிமெண்ட் மூட்டைகூட ஏறியதில்லை. பெயிண்டில் கீறல் விழுமாம். டயர்களை இடம் மாற்றிப் போடலாம் என்றால், நட்டைத் திருகினால் பளபளப்பு போய்விடும் என்று அதற்கும் விட்டதில்லை. தங்கை வீடு மாறியபோது சாமான் ஏற்ற வாடகை வண்டி பிடித்தார். இவர் காலி பிக்கப்பில் பாட்டுக் கேட்டபடி அதன் பின்னாலேயே வந்தார். கட்டிலைத் தூக்கியது நான்.

என் தங்கையைக் கட்டிக்கொள்ளப் பத்து நிமிடத்தில் சம்மதம் சொன்ன மனிதர், சக்கரம் தேர்ந்தெடுக்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். நான் சாப்பிட உட்கார்ந்தால் ஃபோனில் படம் வரும். கறுப்பா, வெள்ளியா? விளிம்பில் சிவப்புக் கோடு வேண்டுமா, வேண்டாமா? கடைசியில் கறுப்பு, சிவப்புக் கோட்டோடு. டயர், சேற்றிலும் பாறையிலும் ஓட்டுகிறவர்கள் போடும் முரட்டுப் பட்டன் டயர். தெருவில் தண்ணீர் தேங்கி நின்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவருக்கு அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்.

"மாப்ளே, ஒரு சைஸ் கம்மியா போங்க. இது மட்கார்டுல உரசும்."

"வீடியோல ஒருத்தன் இதே சைஸ் போட்டிருக்கான் மச்சான். உரசவே இல்ல."

"காலியா ஓட்டினா உரசாது. பின்னாடி எடை ஏறினா உரசும்."

"நான் என்னைக்கு மச்சான் எடை ஏத்தியிருக்கேன்?"

அதுவும் சரிதான். மாட்டிக் கொடுத்தேன். வலது பின்சக்கரத்தில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன். மூன்று விரல் நுழைந்தது. காலி வண்டிக்கு அது போதும். இடது பக்கம் பார்க்கவில்லை. அதுவும் அப்படித்தானே இருக்கும்?

கழற்றிய டயர்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். அன்று அவர்மேல் இருந்த எரிச்சலில் அதையும் செய்யவில்லை. எது எந்த மூலையில் இருந்தது என்று மட்டும் கைப்பழக்கத்தில் சாக்பீஸால் எழுதி, நான்கையும் பின்பக்கக் கொட்டகைக்குள் உருட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் தங்கை ஃபோன் செய்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மதியம் மூன்று மணிக்கு ட்யூட்டி முடியும். மாப்பிள்ளை போய் அழைத்து வருவார். அந்த ஒரு காரியத்தில் மட்டும் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

"அண்ணா, வண்டில ஒரு சத்தம் வருது."

"எங்க?"

"என் சீட்டுக்குப் பின்னாடியே. சர்ர்... சர்ர்னு. கேட்டாலே முதுகு கூசுது."

இதில் பேய் எங்கே வந்தது? டயர் உரசுகிறது, அவ்வளவுதான். ஆனால் உரசுகிற டயர் சூடேறும். ஓரம் தேயும். ஒருநாள் வேகத்தில் போகும்போது வெடிக்கும். அது வெடிக்கப் போவது என் தங்கை உட்காருகிற பக்கம். அன்றைக்கு நான் பயந்தது அதற்காக மட்டும்தான்.

வண்டி வந்தது. தொட்டி காலி. டயரின் ஓரமெல்லாம் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, கடையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டி வந்தேன். வலது பக்கம் சாக்பீஸ் அப்படியே இருந்தது. இடது பக்கம் துடைத்து எடுத்தாற்போல் போயிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். வலதில் மூன்று விரல். இடதில் ஒரு விரல்.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங் போட்டேன். இடதில் ஒரு விரல். காற்றைச் சரிபார்த்தேன். ஒரு விரல். இடது சக்கரத்தை வலதிலும், வலதை இடதிலும் மாற்றி மாட்டினேன். கடையின் தரை சாய்வோ என்று வண்டியைத் திருப்பி நிறுத்திக்கூடப் பார்த்தேன்.

இடதில்... ஒரு விரல்தான்.

மாப்பிள்ளை கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டே, "நீங்க மாட்டினதுல ஏதோ கோளாறு போல மச்சான்" என்றார். என் கடையில் நின்றுகொண்டு, என்னிடம். நான் சிரித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம், அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம். மணி இரண்டு நாற்பது.

"நீங்க ஓட்டுங்க மாப்ளே. நான் தொட்டியில உக்காந்து கேக்கறேன்."

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க மச்சான். கீறல் விழும்."

கழற்றினேன். என் தலையெழுத்து. வெயிலில் காய்ந்த தகரம் உள்ளங்காலைச் சுட்டது. கந்தல் துணியொன்றை மடித்துப் போட்டு, வலது மூலையில் உட்கார்ந்தேன். இடது சக்கரம் எனக்கு எதிரே. நடுவில் காலித் தொட்டி.

வண்டி கிளம்பியது.

சர்ர்... சர்ர்...

இடதிலிருந்து. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒருமுறை. நான் எண்பது கிலோ. அந்த எடை வலது மூலையில் இருக்கிறது. உரசினால் வலதுதான் உரச வேண்டும். எதிர் மூலை உரசுகிறது என்றால், அங்கே என்னைவிடக் கனமாக ஏதாவது இருக்க வேண்டும்.

அங்கே ஒன்றும் இல்லை. தகரமும் வெயிலும்தான்.

சிக்னல் விழுந்தது. வண்டி நின்றது. மணி இரண்டு நாற்பத்தொன்பது. எதிர்க் கடையின் கடிகாரத்தில் பார்த்தேன்.

அப்போது தொட்டி அசைந்தது.

லாரித் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்து நகர்ந்தால் எப்படி இருக்கும் என்று தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். ஸ்பிரிங் மெல்ல மூச்சுவிடும். அந்தப் பக்கம் ஏறும்.

இடது பக்கம் ஏறியது.

கிர்ர்க்... என்று நடுத் தகரம் முனகியது.

பிறகு... என் பக்கம் இறங்கியது.

சிக்னல் மாறியது. வண்டி நகர்ந்தது. முதல் மேடு.

சர்ர்...

எனக்குக் கீழே இருந்து.

கேபினின் பின்கண்ணாடியைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். மாப்பிள்ளை உள்கண்ணாடியில் பார்த்தது தன் முகத்தை. பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். அந்த நிமிடத்திலும் எனக்கு அந்த ஆள்மேல் ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரம் இல்லையென்றால் அப்போதே குதித்திருப்பேன்.

நகர்ந்து உட்காரலாம் என்று இடது காலைத் தூக்கித் துணிக்கு வெளியே வைத்தேன்.

சுடவில்லை.

தகரம் சில்லென்று இருந்தது.

இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். சில்லென்று. ஒரு ஆள் உட்காரும் அகலம். அதைத் தாண்டினால் சுட்டது.

காலை இழுத்துக்கொண்டேன்.

சர்ர்... சர்ர்...

பக்கத்தில்.

ரொம்பப் பக்கத்தில்...

ஆஸ்பத்திரி வாசல். மூன்றாக இரண்டு நிமிடம். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வெறுங்காலோடு சாலையில் நின்றேன். தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன அண்ணா, இப்படி வேர்த்திருக்கு உனக்கு?"

அவள் கதவைத் திறந்து முன்னால், இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் மெல்ல ஏறியது. இடது பக்கம் மெல்ல இறங்கியது. இறங்கி, நின்றது.

அவள் இருக்கைக்கு நேர் பின்னால்.

"வண்டியைக் கடைக்கு விடுங்க மாப்ளே" என்றேன். "இப்பவே அந்த டயரைக் கழட்டறேன்." தொட்டியில் நான் ஏறவில்லை. ஆட்டோ பிடித்து அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன்.

நான் முட்டாளாக இருந்தது இங்கேதான். குற்றம் அந்தக் கறுப்பு வீலிலும் முரட்டு டயரிலும் இருக்கிறது என்று நினைத்தேன். யாருடைய வண்டியிலிருந்து எடுத்து விற்ற சரக்கோ, என்ன சனியனைக் கூடவே கொண்டு வந்ததோ என்று நினைத்தேன். கழற்றிவிட்டால் தீர்ந்தது. ஜாக்கி வைத்து நான்கையும் கழற்றினேன். பழைய டயர்களை எடுக்கக் கொட்டகைக்குப் போனேன்.

முதல் மூன்றும் நன்றாக, ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. காலி வண்டி ஓட்டுகிறவரின் டயர்.

நான்காவதில் சாக்பீஸ் எழுத்து: இடது பின்.

அதை வெளிச்சத்துக்கு உருட்டி வந்து பார்த்தேன். நடுவில் ரப்பர் வரிகள் தேயாமல் நின்றிருந்தன. இரண்டு ஓரமும் வழித்தெடுத்தாற்போல் மொழுமொழு என்று இருந்தன. எடை சுமக்கிற வண்டிகளில் மட்டும் நான் பார்க்கிற தேய்மானம். அதுவும் ஒரு நாள், ஒரு மாதத் தேய்மானம் இல்லை. ஷோரூமிலிருந்து வண்டியோடு வந்த டயர் அது.

மூன்று வருடம்.

சிறிய டயருக்கு இடைவெளி அதிகம். எடை ஏறினாலும் உரசாது. அதனால் யாருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் கெத்து செய்த ஒரே வேலை, அதைக் கேட்க வைத்தது.

அந்த சைஸில் வேறு டயர் கடையில் இல்லாததால் அதையும் சேர்த்துப் பழைய நான்கையே மாட்டினேன். வண்டி போனது. சத்தமே இல்லை.

"வண்டியை வித்துடுங்க மாப்ளே" என்று அடுத்த நாளே சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோளாறே உரசல்தான் என்றும், உரசல் நின்றால் எல்லாம் நின்றது என்றும் நினைக்கிற மூளை. என் தங்கையும் கூடவே சிரித்தாள். "சத்தம்தான் நின்னுடுச்சே அண்ணா, அப்புறம் என்ன?" என்றாள்.

அதற்குப் பிறகு காற்றுப் பார்க்கிற சாக்கில் வாராவாரம் வண்டியை வரவழைத்து விரல் விட்டுப் பார்த்தேன். இந்த டயரில், வலது பக்கம் ஐந்து விரலும் நுழையும். இடது பக்கம் மூன்று. வாராவாரம் அப்படியேதான் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மூன்று விரலுக்கு நான் பழகிக்கூடப் போனேன்.

போன வியாழக்கிழமை வந்தார்கள். இடதில் விரலை விட்டேன். மூன்று. வலதுக்குப் போனேன்.

மாப்பிள்ளை பின்னால் நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வண்டியைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மச்சான்? ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. தானா சரியாயிடுச்சு."

நான் விரலை எடுக்கவில்லை.

இடது பக்கம் ஏறவில்லை. வலது பக்கமும் இறங்கியிருந்தது; ஐந்து விரல் நுழைந்த இடத்தில் இப்போது மூன்றுதான்.

தங்கை எனக்குக் கையசைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். காலித் தொட்டியோடு வண்டி தெருவில் இறங்கிப் போனது. ஒரு சத்தமும் இல்லை.