மீன் கழுவிய தண்ணீர்

அன்னமேரிக்கு யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்ல வராது. சுங்கை பினாங்கில் இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் நல்ல பெயர் வாங்கி வைத்திருக்கிறாள். தொழிற்சாலை கேன்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவள். கணவன் போனபின் அவளுக்குத் துணை, முன்வாசலில் நிற்கும் கறிவேப்பிலை மரம்தான். அதற்கு உரம் என்று காசு கொடுத்து எதையும் வாங்கியதில்லை. மீன் கழுவிய தண்ணீரை அப்படியே வேரில் ஊற்றிவிடுவாள். தவக்காலத்தில் இறைச்சியே கிடையாது, மீன்தான்; மரத்துக்கும் விருந்துதான்.

இந்தத் தவக்காலத்தில் தினமும் காலையில் மரத்தடியில் பூனை அசிங்கம் செய்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டு நஸீஹாவின் வெள்ளைப் பூனை சோமேல்தான் என்று அன்னமேரி முடிவு கட்டிவிட்டாள். எலுமிச்சைத் தோல் போட்டாள், மிளகுத்தூள் தூவினாள், போத்தல்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்தாள். செய்யாதது ஒன்றுதான்: வேலிக்கு அந்தப் பக்கம் எட்டி ஒரு வார்த்தை சொல்வது. எப்படிச் சொல்வாள்? ரமலான் நோன்பு பிறந்ததிலிருந்து நஸீஹா தினமும் பொழுது சாய, “அக்கா!” என்று கூப்பிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டுகிறாள். “ரொம்ப ருசிம்மா” என்று சிரித்துச் சிரித்து வாங்கிக் குடித்தவள், ஒரு வியாழக்கிழமை நஸீஹா வேலைக்குப் போனதும், நெத்திலியைக் காட்டிச் சோமேலை அரிசிச் சாக்கில் பிடித்துப் போட்டாள்.

காரில் கடல் பாலம் தாண்டி, சிம்பாங் அம்பாட் பசாரில், மீன்கடைகளுக்குப் பின்னால் சாக்கை அவிழ்த்தாள்.

“இங்க பட்டினி கெடக்கமாட்ட” என்று பூனையிடமே சமாதானம் சொன்னாள். அது ஓடவில்லை. அவள் காருக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தது.

அன்று மாலை நஸீஹா கஞ்சியோடு வந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

“அக்கா, சோமேல பாத்தீங்களா?”

“இல்லையேம்மா.”

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் நற்கருணை வாங்க எழுந்து போனார்கள். பொய் சொன்ன வாயோடு அன்னமேரி மட்டும் முழங்காலிலிருந்து எழவில்லை.

திங்கள் விடிந்தால் மரத்தடியில் மறுபடியும் அசிங்கம். பக்கத்திலேயே, முன்பின் பார்த்திராத கறுப்புக் கடுவன் ஒன்று, முந்தின நாள் மீன் தண்ணீர் ஊற்றிய மண்ணை மோந்து மோந்து தோண்டிக்கொண்டிருந்தது. ஊர்ப் பூனைகளை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது அவளேதான். தண்டனை வாங்கியது மட்டும் வாயில்லாத சோமேல்.

மூன்று நாள் பாலம் தாண்டிப் போய்த் தேடினாள். மூன்றாம் நாள், ஒரு கடையின் ஐஸ் பெட்டிக்கு அடியில், சோமேல் காது கிழிந்து ஒடுங்கிக் கிடந்தது. கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். நஸீஹா பூனையை அணைத்துக்கொண்டு, அன்னமேரியின் கையைப் பிடித்து அழுதாள். “பசார் பக்கம் கெடந்துச்சும்மா” என்றாள் இவள். அப்போதும் பாதிதான் வாயில் வந்தது.

மறுநாள் கஞ்சி நீட்டும்போது, சோமேல் காருக்கு அடியில் ஓடி ஒளிந்ததைப் பார்த்து நஸீஹா சிரித்தாள்.

“இத பாருங்கக்கா! தேடிப் புடிச்சு கொண்டாந்தது நீங்க. உங்கள கண்டாதான் கெரேத்தா அடியில போய் ஒளியுது. நன்றி கெட்ட பூனைலா!”

அன்னமேரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அத திட்டாதம்மா. என் வாசல்ல அசிங்கம் பண்ணுதுன்னு சாக்குல போட்டுக் கொண்டுபோய் விட்டது நாந்தான். பண்ணது அது இல்லன்னு பெறகுதான் தெரிஞ்சுச்சு.”

நஸீஹா பூனை ஒளிந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. வீட்டுக்குள்ளயே மண்ணுத் தட்டு வச்சு பாத்துருப்பேனே.”

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

அன்னமேரி மரத்தடியில் கூழாங்கல் பரப்பினாள். மீன் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். மறுநாள் பொழுது சாயும்போது கதவுக்குப் பின்னாலேயே நின்று காத்திருந்தாள். பாங்கு சொல்லி முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை.

வெளியே வந்து பார்த்தாள். கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே கஞ்சி, இன்னும் சூடாக இருந்தது. ‘அக்கா’ என்ற குரல் மட்டும் வரவில்லை.