ஒரு சாண் இடைவெளியும் அமலோற்பவம் டீச்சரும்

இரண்டு பாடவேளைகளுக்கு நடுவே கைப்பேசியில் நம் ஆசிரியர் குழுவைத் திறந்தபோது அந்தச் செய்தியைப் பார்த்தேன். "அமலா டீச்சர் காலமானார்." அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். ஒருவர் "எந்த அமலா?" என்று கேட்டிருந்தார். அதற்கு யாரும் பதில் சொல்வதற்குள் இன்னொருவர் தேர்வுப் பணி பற்றிய சுற்றறிக்கையைப் பதிவிட்டுவிட்டார். எல்லோரும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, செய்தி மேலே போய் மறைந்துவிட்டது. எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். நம் திருத்துறைப்பூண்டிப் பள்ளியில் அத்தனை வருடம் வரலாறு நடத்திய அமலோற்பவம் டீச்சர், ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் "எந்த அமலா" ஆகிவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு நான் பொய் சொல்ல முடியாது. அவரோடு பழகுவது எளிதாக இருந்ததில்லை. ஆசிரியர் அறைக்குத் தண்ணீர் சுத்திகரிப்பான் வாங்கியபோது நடந்தது நினைவிருக்கும். கடையிலிருந்து கொண்டுவந்தவர் மாட்டிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் டீச்சர் ஒரு சொம்பை நீட்டி, "இது குழாய்க்கு அடியில நுழையுதான்னு பாருங்க" என்றார். நுழையவில்லை. கழற்றி, மேலே ஏற்றி, திரும்ப மாட்டும் வரை அவரைப் போகவிடவில்லை. சுவரில் பழைய ஓட்டைகள் அப்படியே இருந்தன. நாமெல்லாம் சலித்துக்கொண்டே டம்ளரை வைத்திருந்தோம். அவரிடம் தாகத்துக்குக்கூட அவசரம் இல்லை என்று கணக்கு வாத்தியார் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. டீச்சர் காதிலும் விழுந்திருக்கும். கண்டுகொள்ளவில்லை.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கை, வலது கால் தளர்ந்து வீட்டுக்கு வந்த சமயம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆப்பிளும் ஆறுதலும் கொண்டுவந்தார்கள். டீச்சர் வெறுங்கையோடு வந்தார். கணவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து நேராகக் குளியலறை வாசலுக்குப் போனார்.

"சார் எந்தக் கையால பிடிச்சுக்கிட்டு உள்ள இறங்குறாரு?"

"இடது கைதான் நல்லா இருக்கு. பிடிக்கத்தான் எதுவும் இல்ல, டீச்சர்" என்றேன்.

அதுதான் எங்கள் பெரிய தலைவலி. வாசலைத் தாண்டியதும் உள்ளே ஒரு படி இறக்கம். கைப்பிடி வைப்பதென்றால் இடப்பக்க நிலைக்காலின் உட்புறத்தில்தான் வைக்க வேண்டும். ஆனால் அதற்கு நேர் எதிரே தண்ணீர்த் தொட்டியின் சுவர். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கை நுழையும். டிரில் மெஷின் நுழையாது. வந்து பார்த்த தச்சர், "தொட்டிய இடிச்சாத்தான் முடியும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொத்தனாரைக் கூப்பிட்டால் தினமும் "நாளைக்கு" என்றார். கணவர் ஒவ்வொரு முறையும் என் தோளில் சாய்ந்து இறங்கினார். அவர் என்னைவிட கனம்.

டீச்சர் இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "தொட்டி இருக்கட்டும். டிரில்லோட மூக்க மடக்கிக்கலாம்" என்றார். அப்படி ஒரு சாமான் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ரைட் ஆங்கிள் அட்டாச்மென்ட் என்று பெயர். மெஷினின் முனையில் மாட்டினால், துளை போடும் பிட் நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். மெஷின் டீச்சரிடமே இருந்தது. அந்தத் துணைச்சாமான் மட்டும் வேண்டும்.

அன்று மாலையே நான் இணையத்தில் பார்த்து ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன். படத்தில் பளபளவென்று இருந்தது. கைக்கு வந்தபோது பொம்மை மாதிரி இருந்தது. டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னைக் கேட்டிருக்கலாம்ல" என்றார். எங்கள் கதவு நிலை பழைய பூவரசு மரம், இறுகிப் போனது. பிட் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது, பிட் கழன்று தொட்டித் தண்ணீரில் விழுந்தது, அவ்வளவுதான். என் கணவர் கட்டிலிலிருந்தே, "விட்டுடுங்க டீச்சர்" என்றார். அவர் குரலில் இருந்த அயர்ச்சி எனக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

அடுத்து, திருவாரூரில் பெரிய ஹார்டுவேர் கடை ஒன்றுக்குப் போனோம். கிளம்புமுன் டீச்சர் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, இடைவெளியின் அகலத்துக்குச் சரியாக வெட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடைக்காரர் தடிமனான ஒன்றை எடுத்துப் போட்டார். தொழில்முறை வேலைக்காரர்கள் வாங்குவதாம், எந்த பிட்டும் மாட்டலாமாம்.

"பிரிச்சு, பிட்டை மாட்டிக் காட்டுங்க" என்றார் டீச்சர்.

"சீல் பிரிச்சா எடுத்துக்கணும்மா."

"சேராததை எடுத்துக்கிட்டுப் போய் என்ன பண்றது? பிரிங்க."

எங்களுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நான் வெட்கத்தில் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் பிரித்தார். சாமானின் தலை மட்டும் அட்டைக்குள் அடங்கியது. பிட்டை மாட்டியதும் இரண்டு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்பவாவது போடுற ஓட்டைக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு?" என்றார் கடைக்காரர்.

"ஓட்டை எப்பவாவதுதாங்க. அவரு தினமும் பிடிக்கப் போறாரு."

வெறுங்கையோடு பஸ் ஏறினோம். பக்கத்து ஊர்க் கடையிலும் அதே கதை. அந்த வாரக் கடைசியில் என் கணவர் அந்தப் படியில் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, முழங்கை சிராய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் நான் தாங்கவில்லை. டீச்சருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உங்க அட்டையும் அளவும் உங்களோட இருக்கட்டும் டீச்சர். ஏதோ ஒண்ணை வாங்கி மாட்டியிருந்தா அவரு விழுந்திருக்க மாட்டாரு."

நான் கத்தி முடிக்கும் வரை கேட்டார். பிறகு சொன்னார், "ஏதோ ஒண்ணை மாட்டியிருந்தா அதோட சேர்ந்து விழுந்திருப்பாரு. கோபப்படுங்க. நாளைக்குத் தஞ்சாவூர் போறோம், காலையில ரெடியா இருங்க."

தஞ்சாவூரில் கிடைத்தது. உலோக உடம்பு, குட்டித் தலை, பிடித்துக்கொள்ளப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. ஆறுபட்டைக் காம்பு உள்ள குட்டைப் பிட்டுகள் மட்டும்தான் அதில் ஏறும். "நமக்கு அது போதும். இது ஒரு வேலைக்கு வாங்குறது, நூறு வேலைக்கு இல்ல" என்றார். அட்டையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அடங்கியது. அங்கேயும் பிரிக்கச் சொல்லித்தான் வாங்கினார்.

மறுநாள் குளியலறைத் தரையில் சாக்கை விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மெஷினில், இடித்து இடித்துத் துளைக்கவைக்கும் ஹேமர் விசையை அணைத்தார். "இது ஓடினா அட்டாச்மென்ட்டோட பல்லெல்லாம் போயிரும்" என்றார். முதலில் மெல்லிய பிட்டால் வழி போட்டு, பிறகு தடித்த பிட்டால் பெரிதாக்கினார். மரத்தூள் அவர் கண்ணாடியில் அப்பியது. ஸ்க்ரூவையும் அதே சாமானால் முடுக்கினார். கைப்பிடி அசையாமல் நின்றது. கணவரை மெல்ல அழைத்துவந்தேன். அவர் பிடித்தார், இறங்கினார், நின்றார். பிறகு தயங்கிச் சொன்னார்:

"டீச்சர், கொஞ்சம் மேல இருந்தா நல்லா இருக்கும்."

நானும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இடைவெளியை எத்தனையோ முறை அளந்தோம். பிடிக்கப்போகிறவரை நிற்கவைத்து ஒரு தடவைகூட அளக்கவில்லை. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டீச்சர் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தார். பாதியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து மெஷினைக் கீழே வைத்தார். என் கணவர் நோயில் விழுந்தபின் முதன்முறையாகச் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

அந்த மனுஷிதான் தன் நெஞ்சு வலியை மட்டும் அளந்து பார்க்கவில்லை. "கேஸ்" என்றார். பெருங்காயம் போட்டு மோர் குடித்தார். டாக்டரிடம் போகச் சொன்னேன். "பேராவூரணியில தேங்காய் வெட்டு இருக்கு, முடிச்சுட்டுப் போறேன்" என்றார். தம்பியின் தோப்பில் தேங்காய் வெட்ட இவர் எதற்கு நிற்க வேண்டும்? அந்தத் தோப்பு வீட்டில்தான் உயிர் போனது. அடக்கத்துக்குப் போய்வந்தும் என் கோபம் ஆறவில்லை. ஒரு சாமானுக்காக என்னை மூன்று ஊர் அலையவைத்தவர், தனக்காக ஒரு ஆஸ்பத்திரி வாசல் ஏறவில்லை. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொல்ல முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நெஞ்சு வலித்தால் தயவுசெய்து போய்ப் பாருங்கள்.

போன வாரம் கணவருக்கு வாக்கர் வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். ஒன்றை எடுத்து நீட்டி, "எல்லாரும் இதைத்தாம்மா வாங்குறாங்க" என்றார் கடைக்காரர். கணவர் வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார், இறக்கி நிற்கவைத்து, பிடித்துப் பார்த்துத்தான் எடுப்பேன் என்றேன். கூட்டமா இருக்கும்மா என்றார். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். காது சுட்டது. ஆனாலும் நகரவில்லை. கடைசியில் கடைக்காரரே வாக்கரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரை வந்தார். உயரம் சரியில்லை. வேறு ஒன்றை எடுத்துவரச் சொன்னேன்.

டீச்சரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான்: பின்னால் ஆள் நிற்கும்போதும் நகராமல் நிற்பது. இன்னும் எனக்கு அது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிற்கிறேன்.